ஒட்டடைக் கம்பு தட்டிய வெள்ளிக்கிழமை

2007-ல் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடி அறையில் தனியாகக் குடியிருந்தேன். நாளிதழ் ஒன்றில் பிழை திருத்தும் வேலை. மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்தில் இருந்தால் போதும். மதியம் முழுக்க என்னுடையது.

அந்த மதியங்களில் நான் கேட்டது வைக்கிங் பாட்டுகள். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் சிடியில் பதிந்து கொடுத்திருந்தார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வடகடல் வீரர்களைப் பற்றி இன்றைய ஐரோப்பிய இளைஞர்கள் பாடும் மெட்டல் இசை. இடி மாதிரி டிரம்ஸ், கரகரத்த கத்தல். இரண்டுக்கும் நடுவில் திடீரென்று ஒரு ஃபிடில் எழுந்து நாட்டுப்புற மெட்டு ஒன்றை வாசிக்கும். அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கும். எனக்கு மிகப் பிடித்த பாட்டில் ஒரு கதை உண்டு. கரையில் தனியாக நிற்கும் தோழன் ஆபத்தில் கொம்பு ஊதுகிறான். கடலில் இருப்பவர்கள் அதைக் கேட்டதும் கப்பலைத் திருப்புகிறார்கள். நெட் சென்டரில் அதன் வரிகளை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்திருந்தேன்.

கீழ்த்தளத்தில் வீட்டு உரிமையாளரும் அவர் மனைவியும் இருந்தார்கள். ஒரே மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவருக்கு மார்க்கெட் பக்கம் பைக் சீட் கவர் தைக்கும் கடை. எல்லோரையும் போல நானும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். குடிவந்த மூன்றாம் நாளே மாடி ஏறி வந்தார்.

"இன்னா தம்பி, யாரு அவன்? தொண்டையில எதுனா மாட்டிக்கிச்சா? வூடே அதிருது."

நான் அசடு வழிந்தேன். அவர் கதவோரம் நின்று கொஞ்சம் கேட்டார். ஃபிடில் வந்ததும் தலையை ஆட்டினார்.

"இது ஷோக்கா கீது. கத்துறவன வெளிய அனுப்பிட்டு இத மட்டும் போடேன்."

அன்று ஓர் ஏற்பாடு ஆனது. அவர் மனைவிக்கு முட்டி வலி. மாடி ஏற முடியாது. சத்தம் அதிகமானால் ஒட்டடைக் கம்பால் கூரையில் இரண்டு தட்டு தட்டுவார், நான் குறைத்துவிட வேண்டும். மாதக்கணக்கில் அது ஒழுங்காக நடந்தது. தட்டினால் குறைப்பேன். அவ்வளவுதான்.

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் பள்ளிவாசல் போய்வந்து வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாலரைக்கு மேல்தான் கடை திறப்பார். மூன்று மணி சுமாருக்கு நான் கொம்புப் பாட்டைப் போட்டேன். இரண்டு தட்டு வந்தது. குறைத்தேன். மறுபடி இரண்டு. இன்னும் குறைத்தேன். பிறகு நிறுத்தாமல் தட்டல். எண்ணிக்கையே இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்தில் இருக்கும் எனக்கே கேட்காத அளவுக்குக் குறைத்தாகிவிட்டது, இன்னும் என்ன? கீழே போய்க் கேட்டிருக்கலாம். பன்னிரண்டு படிகள். போகவில்லை. வெடுக்கென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டு இயர்போனை மாட்டிக்கொண்டேன். பாதத்துக்குக் கீழே தரை இன்னும் இரண்டொரு முறை அதிர்ந்தது. பிறகு நின்றுவிட்டது. நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். பாட்டை முதலிலிருந்து போட்டு, குதிகாலால் தரையில் தாளம் போட்டபடி கேட்டேன். மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. அது துடுப்புப் போடும் தாளம்.

அரை மணி நேரம் கழித்துப் பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். கீழே ஆட்டோ நின்றது. தண்ணீர் கேன் போடுபவரும் ஆட்டோக்காரரும் பாயைத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர் வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"சார், பாத்துகினே நிக்கிறியே, வண்டிய எடு சார்! வழில கீது!" என்று கேன்காரர் கத்தினார்.

கேட்டை மறித்து நின்றது என் பைக். அதை நகர்த்தினேன். அன்று நான் செய்த உதவி அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பக்கவாதம். வலது கையும் பேச்சும் போயிருந்தன. கட்டிலருகே ஸ்டூலில் அமர்ந்து அவர் மனைவி நடந்ததைச் சொன்னார். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கும் நடையில் பாய் விழுந்திருக்கிறார். என் மேஜைக்கு நேர் கீழே. வாந்தி எடுத்துக்கொண்டே இருந்ததால் அவர் தலையை மடியிலிருந்து இறக்க இந்த அம்மாவுக்குப் பயம். போன் முன்னறையில். கைக்கெட்டியது சுவரில் சாய்த்திருந்த ஒட்டடைக் கம்பு மட்டும்.

"ஒரு கையால அவர புடிச்சிகினு ஒரு கையால தட்றேன் தம்பி. நீ பாட்ட நிறுத்திட்ட. அப்பாடா, நீ வரப்போறன்னு பாத்தா, காணோம். சரி, நீ கெளம்பி வெளிய போய்ட்டன்னு நெனச்சிட்டேன். ஆளில்லாத வூட்டுக்கு இன்னாத்துக்கு தட்றதுன்னு வுட்டுட்டேன். கேன் போட அந்த ஆளு வந்ததாலதான் இவரு பொழச்சாரு. டாக்டர் சொல்றாரு, கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமாம். நான்தான் இன்னும் கொஞ்ச நேரம் தட்டியிருக்கணும்."

அவர் சொல்லி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். பத்திரிகைக்காரனுக்கு அது கஷ்டமான காரியம் இல்லை.

"ஆமாங்கா, டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றேன். "திரும்பி வந்து பையை எடுத்துகிட்டு இறங்கும்போதுதான் பாத்தேன்."

"நீ இருந்திருந்தா ஓடியாந்திருப்ப, தெரியாதா எனக்கு" என்றார் அவர்.

அப்போது கட்டிலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. பாய் கண் விழித்திருந்தார். அவரது இடது கை விரல்கள் கட்டிலின் இரும்புச் சட்டத்தில் தட்டின. மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. மறுபடியும் ஒரு முறை. அத்தோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மேலே நான் போட்ட தாளத்தைக் கீழே தரையில் மல்லாந்து கிடந்தபடி அவர் கேட்டிருக்கிறார். மடியில் அவரை வைத்துக்கொண்டு அழுத மனைவியின் காதில் அது விழவில்லை.

அவர் பார்வையில் கோபம் இல்லை என்று எழுதத்தான் ஆசை. என்ன இருந்தது என்பது எனக்கு உண்மையில் தெரியாது. நான் கண்ணைத் திருப்பிக்கொண்டு பழத்தை உரித்தேன்.

மூன்று வாரத்தில் அவர் வீடு திரும்பினார். கடையை மைத்துனர் பார்த்துக்கொண்டார். நான் சுவரில் இருந்த தாளைக் கிழித்தேன். ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. இரண்டு மாதம் கழித்து, வாடகை கம்மி என்று இன்னொரு பொய் சொல்லி ஊரப்பாக்கத்துக்கு மாறினேன். சாமான்களை ஏற்றிய அன்று பாய் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அதற்குள் சில வார்த்தைகள் வந்திருந்தன.

"பாட்டு..." என்றார், குழறலாக. "ஏன்... போடல?"

"ஆமா தம்பி, வூடே ஓஞ்சு கெடக்கு. எனக்கோசரம் நிறுத்திட்டியா? நான் இனிமே தட்டவே மாட்டேன்" என்று அவர் மனைவி சிரித்தார்.

அப்போதும் சொல்லவில்லை. வேன் கிளம்ப அவசரப்பட்டது என்று எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன்.

கொம்புச் சத்தம் கேட்டதும் கப்பலைத் திருப்பியவர்களுக்காக அத்தனை மதியங்கள் கண் கலங்கிய நான், அந்த அம்மா தன் தலையில் ஏற்றிக்கொண்ட என் பழியை இன்றுவரை போய் இறக்கி வைக்கவில்லை.