தங்கையாவின் ஹப்புத்தளை

கொழும்பு கொட்டாஞ்சேனையில் கோப்பித்தூள் கடை வைத்திருந்த தங்கையா பருத்தித்துறைக்காரர். கொழும்புக்கு வந்த பிறகு கிழக்கே அவர் போன ஆகக்கூடிய தூரம் நகரத்துக்குள்ளேயே இருக்கும் தெமட்டகொடை. ஆனாலும் கடைப் பலகையில் 'ஹப்புத்தளை மலைக் கோப்பி' என்று எழுதியிருந்தது. அந்தச் சின்ன மலையூரின் பெயரை அவர் ரயில் அட்டவணையில் கண்டெடுத்தார். கொட்டை புறக்கோட்டைச் சந்தையில் மலிவாக வாங்கியது. தூளில் பாதிக்குப் பாதி வறுத்த சோளம்.

"பனிக்குள்ளை பழுத்த கோப்பி, ஐயா. விடிய எழும்பிப் பாத்தால் மலை முழுக்கச் சிவப்பாய்க் கிடக்கும்," என்பார். சொல்லச் சொல்ல அவருக்கே குளிரெடுத்தது. சித்திரை வெயிலிலும் மப்ளர் கட்டத் தொடங்கினார்.

1937இல் இந்தப் புகழ் வெள்ளவத்தையில் வழக்குப் பேசும் புறொக்டர் சுந்தரலிங்கத்தின் காதுக்கு எட்டியது. அவர் தலைவராயிருந்த அறிவு விருத்திச் சங்கத்தில் தங்கையா ஒரு மணித்தியாலம் மலைவாழ்வைப் பற்றிப் பேசினார். கைதட்டல் அடங்க முதல் புறொக்டர் எழும்பினார்.

"வாற கிழமை எல்லாரும் ஹப்புத்தளைக்குப் போறம். தங்கையாதான் வழிகாட்டி."

தங்கையா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். "காய்ச்சல் எண்டு சொல்லிப் படுங்கோ," என்றாள் மனைவி ஜெகதீஸ்வரி. ஆனால் வழிகாட்டி என்ற பட்டத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

ரயிலால் இறங்கினால் கண்ணுக்கெட்டிய இடமெல்லாம் தேயிலை. கோப்பி நோய் கண்டு அழிந்து ஐம்பது வருஷமாகிவிட்டதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"எங்கை கோப்பி?" என்றார் புறொக்டர்.

"இதுதான், ஐயா. வெள்ளைக்காரன் கத்தரிச்சுக் கட்டையாக்கி வைச்சிருக்கிறான்."

சங்கத்தார் குறித்துக்கொண்டார்கள்.

ஸ்டேசனடியில் மரியகொறற்றி என்பவளின் சாப்பாட்டுக்கடை. அதன் பின்னால் சிவந்த பழங்களோடு ஒரு மரம் நின்றது. "அது சும்மா அழகுக்கு வைக்கிறது," என்றார் தங்கையா.

"அதுதானுங்க கோப்பி மரம்," என்றாள் மரியகொறற்றி. "நீங்க காட்டுனது தேயிலைங்க."

தங்கையா மப்ளரை அவிழ்த்தார். புறொக்டர் யோசித்தார். இவன் மடையனென்றால், இவனை மேடையேற்றிக் கைதட்டியவர் யார்? தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "இந்த மரம் வேறை சாதிக் கோப்பி. எழுதிக்கொள்ளுங்கோ."

மரியகொறற்றி அந்த மரத்துக் கோப்பியையே எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கலப்பில்லாத கோப்பியைத் தங்கையா குடித்தது அன்றுதான். முகத்தைச் சுளித்தார்.

"பாவம், காய்ச்சத் தெரியாத சனம்," என்றார் திரும்பும் ரயிலில்.

"ஓம், உம்மடை தூளின்ரை மணம் இதிலை இல்லைத்தான்," என்றார் புறொக்டர்.

அடுத்த மாதம் சங்கம் தங்கையாவை உபதலைவராகத் தெரிவு செய்தது. போட்டியில்லை.