எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டிய டயோடு

தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் முளைத்த காலம். கும்பகோணத்தில் மீசை அரும்பியவனெல்லாம் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டிருந்தான். என்னையும் மஸ்கட்டுக்கு அனுப்ப ஏஜென்ட் ஒருவர் வீட்டுக்கு வந்து போனார். எனக்குத் துளியும் இஷ்டமில்லை. தப்பிக்க ஒரே வழி, மோட்டார் கடைக்காரர் கேட்டிருந்த ஆட்டோ சுவிட்ச். தொட்டி நிரம்பினால் பம்பை அதுவே நிறுத்த வேண்டும். மாதிரிக்கு ஒரு டஜன் ஒழுங்காக ஓடினால் மாதாமாதம் ஆர்டர். ஓடாவிட்டால் மஸ்கட்தான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

ஓடித் தொலைக்கவில்லை. கரண்ட் கொடுத்தால் பம்பைப் போட்டு நிறுத்தும் ரிலே 'டிக்' என்று இழுக்க வேண்டும். அந்த நொடியில் மீட்டர் முள் கடைசிக் கோட்டில் போய் முட்டும், டிரான்சிஸ்டர் 'டப்' என்று உயிரை விடும். கடையில் போலிச் சரக்கைத் தள்ளிவிட்டார்கள் என்று கத்தினேன். எங்கள் தெரு வோல்டேஜைத் திட்டினேன்.

"மஸ்கட்ல வோல்டேஜ் நல்லா இருக்குமாம்" என்றார் அப்பா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

இதில் பெரிய வயிற்றெரிச்சல், நான் தனியாகச் செய்த முதல் சர்க்யூட் பலகை மட்டும் ஜோராக ஓடியது. மற்றவற்றில் சாமான்களைச் செருகித் தந்தவர் சித்தி, அம்மாவின் தங்கை. நான் அடிப்பக்கம் பற்றவைத்ததோடு சரி. கடைசியில் ஓடும் பலகையையும் ஓடாததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டயோடு கரண்டை ஒரு பக்கம்தான் விடும். மூன்று டயோடுகளில் ரிலேயை ஒட்டியது வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டும். ரிலே விடும்போது அதன் சுருள் உதைக்கும் உதையை அதுதான் தாங்கும். திருப்பிப் போட்டால் கரண்ட் ரிலேயை விட்டுவிட்டு அதன் வழியாகவே டிரான்சிஸ்டரின் தலையில் இறங்கிவிடும். சித்தியின் பலகைகளில் மூன்றும் ஒரே பக்கம் பார்த்தன.

சித்தி வெற்றிலை மண்டியில் இலைகளைக் கவுளிக் கட்டுகளாக அடுக்கியவர். காம்பெல்லாம் ஒரு பக்கம், நுனியெல்லாம் ஒரு பக்கம். ஓர் இலை திரும்பியிருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

"சித்தி! இதை யாரு திருப்புனது?"

"நான்தான். நீ அவசரத்துல ஒண்ணைத் தலைகீழா வச்சுக் காட்டிட்டே. கடைக்காரரு பாத்தா என்ன நினைப்பாரு? எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்."

"அதைத் தலைகீழாத்தான் போடணும்!"

சித்தியின் முகம் சுருங்கிவிட்டது. "என் ரெண்டு புள்ளைங்களும் சிங்கப்பூர் போயிட்டானுங்க. நீயாவது இங்க இருப்பேன்னுதாண்டா பாத்துப் பாத்து அடுக்குனேன்."

வாய்வரை வந்த திட்டை விழுங்கிக்கொண்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டு பேருமாக உட்கார்ந்து டயோடுகளைப் பிடுங்கித் திருப்பினோம். புது டிரான்சிஸ்டர் போட்டு ஒரு பலகைக்குக் கரண்ட் கொடுத்தேன். முள் லேசாக எழுந்து நின்றது. ரிலே 'டிக்' என்றது.

"அவ்வளவுதானா?" என்றார் சித்தி.

"அவ்வளவுதான் சித்தி."

மற்ற பலகைகளைச் சோதிக்கக்கூட இல்லை, கடைக்காரர் ஒன்றையும் கண்ணால் பார்க்கவில்லை. சித்தி அதற்குள் எழுந்து கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அத்தான்! அந்த ஏஜென்டை வேற வீட்டுப் புள்ளையப் பாக்கச் சொல்லுங்க!"