அரை ஸ்பூன் தண்ணீரில் வந்த நன்மை

போன வருடம் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்பு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. தாடிக்கொம்புப் பக்கத்திலிருந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றிப்போகும் லோடு ஆட்டோக்காரர் அவர். வாய் ஓயாமல் கேலி பேசுகிற மனுஷன். மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து மூக்கில் குழாயோடு வந்தார். பேச்சு குழறியது. ஒரு மடக்குத் தண்ணீர்கூட விழுங்க முடியாது, புரையேறிவிடும். கஞ்சித்தண்ணீரைக் குழாயில்தான் ஊற்றினேன்.

அடுத்த முறை காட்டப்போனபோது டாக்டர் சொன்னார்: "தொண்டை தேறிருச்சும்மா. நிமுந்து உக்கார வெச்சு, அரை ஸ்பூன் தண்ணி குடுத்துப் பழக்குங்க. அப்பத்தான் குழாய எடுக்கலாம்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் கொடுக்கவில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். கேஸ் அடுப்பை மூடிவிட்டு நாலு தடவை போய்ப் பார்ப்பேன். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரர் புரையேறித் திணறியதைப் பார்த்தவள் வேறு. ஸ்பூனை எடுப்பேன், கீழே வைத்துவிடுவேன். அவர் அந்த ஸ்பூனையே பார்ப்பார். பத்து நாள் இப்படி. "ஆண்டவரே, ஒரு வாய் இறங்கட்டும்" என்று அழுது ஜெபித்ததும் நான்தான். அந்த ஒரு வாயைக் கொடுக்காமல் இருந்ததும் நான்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆறு வருடமாக நான் பூசையில் நன்மை, ஆண்டவரின் உடலாகத் தரும் அப்பம், வாங்கவில்லை. பெரிய பாவம் எதுவும் இல்லை. தினமும் காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடுகிறேன். நன்மைக்கு முன்னால் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று சின்ன வயதில் கேட்டது மனதில் நின்றுவிட்டது. ஆறாம் வகுப்போடு மில்லுக்குப் போனவள் நான். ஃபாதரிடம் கேட்டால் திட்டுவாரோ என்று கேட்கவே இல்லை. எல்லோரும் வரிசையில் போகும்போது பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பேன்.

ஈஸ்டருக்கு முந்திய புனித வாரம், புதன்கிழமை காலை. நோயாளிகளுக்கு நன்மை கொடுக்க வீடு வீடாக வந்த புது ஃபாதர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். நான் வாசலிலேயே மறித்தேன்.

"வேணாம் ஃபாதர், புரையேறிரும்."

உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் குழறியது. "எனக்கு... வேணும்."

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

கையில் ஆண்டவரை வைத்திருப்பவரிடம் பொய் வரவில்லை. "அரை ஸ்பூன் தண்ணி குடுக்கச் சொன்னாரு ஃபாதர்."

"அப்ப அரை ஸ்பூன் கொண்டாங்க."

அவரை நிமிர்த்தி உட்கார வைத்தோம். முதலில் வெறும் தண்ணீர். இறங்கியது. பிறகு ஃபாதர் அரிசிக் குருணை அளவு நன்மையைக் கிள்ளித் தண்ணீரில் இட்டு, "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார். "ஆமென்." தொண்டை மேலேறி இறங்கியது. உடனே ஒரு இருமல். "ஐயோ!" என்று கத்திவிட்டேன்.

கோணிய வாயோடு அவர் சிரித்தார். "யாரோ... நெனைக்கிறாங்கடி."

"வேற யாரு? இப்ப உள்ள போனவருதான்" என்றார் ஃபாதர். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க வாங்கலையாம்மா?"

"தண்ணி குடிச்சு மாத்திரை போட்டுட்டேன் ஃபாதர். ஆறு வருசமா இப்படித்தான்..."

"தண்ணியும் மருந்தும் தடையே இல்லம்மா. இதுக்கா ஆறு வருசம் பட்டினி கெடந்தீங்க?"

பட்டினி என்ற அந்தச் சொல் என்னை உடைத்துவிட்டது. அவரையும் பட்டினி போட்டு, நானும் கிடந்திருக்கிறேன். அடுப்படியில் கிரைண்டர் பக்கத்திலேயே ஃபாதரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நன்மை வாங்கினேன். நாக்கில் அது கரைந்தபோது நெஞ்சுப் படபடப்பு அடங்கியது. அப்படி ஒரு அமைதியை நான் அறிந்ததில்லை.

அன்று மத்தியானம் நானே ஸ்பூனில் தண்ணீர் கொடுத்தேன். ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. ஈஸ்டர் பாஸ்காவுக்குப் பிறகு டாக்டர் குழாயை எடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து வந்த நற்கருணைப் பெருவிழாவுக்கு என் வீட்டுக்காரர் கம்பூன்றி நன்மை வரிசையில் நடந்தார். பின்னால் நான்.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. கேஸை இப்போதும் இரண்டு தடவை பார்க்கிறேன். ஆனால் ஞாயிறுதோறும் எழுந்து போகிறேன், அந்த வாரத்துக்கான தெம்பு அங்கே கிடைக்கிறது. என்னைப் போல எதையோ மனதில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களே, ஃபாதரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டு வாருங்கள். வரிசையில் எனக்கு முன்னால் இடம் விடுகிறேன்.