வாலடியில் இருந்த நாற்பத்தேழு

செப்டம்பர் இரண்டாம் தேதி, காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. அதற்கு முன்பே எங்கள் தெருவுக்கு ஏதோ சரியில்லை என்று தட்டியிருந்தது. ஒன்பது மணிக்கு மூன்று முறை ஒலிக்கிற ரொட்டி வேன் ஹாரன் அன்று ஒலிக்கவில்லை. பெண்கள் துணிப்பையோடு வாசலில் நின்றார்கள். "மனுஷன் இன்னைக்குக் காலையிலயே ஃப்ளைட் எண்ணப் போயிட்டாரு போல" என்று எதிர்வீட்டு கசில்டா சிரித்தாள். பிறகு அவளேதான் வந்து சொன்னாள்.

"டீச்சர், எவுடிமியோ போயிட்டாரு. வேனுக்குள்ளயே. ஸ்டியரிங்ல கை வச்ச மேனிக்கு."

எவுடிமியோவுக்கு அறுபத்தெட்டு வயது. ஸ்பெயினின் இந்த லா மாஞ்சா சமவெளியில் நான்கு ஊர்களுக்கு ரொட்டி கொண்டுபோனவர். சுற்று முடிந்ததும் விமானப்படைத் தளத்தின் வேலியோரம் வேனை நிறுத்துவார். ஒரு பொட்டலம் சூரியகாந்தி விதை, பைனாகுலர், தடித்த நோட்டு ஒன்று. விதையைக் கொறித்துத் தோலைத் துப்பிக்கொண்டே, இறங்குகிற விமானத்தின் எண்ணை எழுதுவார். முப்பது வருடம் எழுதினார். சனிக்கிழமைகளில் நானும் கேமராவோடு போய் நிற்பேன். அதிகம் பேச மாட்டோம்.

விமானத்தின் மூக்கில் பெரிதாக இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது அது எந்தப் படைப்பிரிவு என்று சொல்லும், இரண்டாவது பிரிவுக்குள் எத்தனையாவது என்று. எங்கள் தளம் இருபத்தெட்டு. வேறு பிரிவுக்கு மாற்றினால் மூக்கு எண்ணை அழித்துப் புதிதாக எழுதிவிடுவார்கள். எங்கே போனாலும் மாறாத எண் இன்னொன்று உண்டு. அது வாலடியில், உள்ளங்கை அளவுக்குத்தான் இருக்கும். எவுடிமியோவின் கண்ணில் புரை விழுந்திருந்தது. அவர் மூக்கு எண்ணை மட்டுமே எழுதினார்.

28-14 அவருடைய மகன் ஃபெர்மீன் பார்த்துக்கொண்ட விமானம். ஃபெர்மீன் என்னிடம் வேதியியல் படித்த பையன், தளத்தில் மெக்கானிக் ஆனான். அம்மா இறந்த அன்று பயிற்சி என்று தளத்தில் அவனை விடவில்லை. கல்லறையில் மண் மூடிய பிறகுதான் வந்தான். ஊர் முழுக்கக் கேட்க எவுடிமியோ சொன்னார்: "போ, உன் ஃப்ளைட்டையே கட்டிக்கிட்டு அழு." அவன் திரும்பிப் போனான். அதோடு பதினோரு வருடம் பேச்சில்லை.

முதலில் பேசாவிட்டாலும் பார்த்தார். 28-14 எழும்பினால் மகன் தளத்துக்குள் இருக்கிறான் என்று அவருக்குக் கணக்கு. மூன்றாம் வருடம் அது வருவது நின்றது. காத்திருந்து, உடைத்துவிட்டார்கள் என்று அவராகவே முடிவு செய்து, நோட்டில் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டார். மகனும் வேலையை விட்டிருப்பான், எங்கே என்று யாருக்குத் தெரியும் என்றார். வாயிற்காவலரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

இந்த மே மாதம் தெற்கிலிருந்து அறுபத்துநான்காம் பிரிவு நான்கு நாள் பயிற்சிக்கு வந்தது. 64-09 என்று ஒன்று. "புதுசு டீச்சர், இத நான் பாத்ததே இல்ல" என்று சந்தோஷமாக எழுதினார். நான்கு நாளும் வேலியில் நின்றார்.

பள்ளி விடுமுறையில், ஆகஸ்டில்தான், நான் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 64-09 வாலடியில் 47 இருந்தது. என் பழைய படங்களைத் தேடினேன். 28-14 வாலடியிலும் அதே 47.

படங்களை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப அது சாகல."

"இல்ல. பிரிவு மாறியிருக்கு, அவ்ளோதான்."

"ஃப்ளைட் போனா மெக்கானிக்கையும் கூடவே அனுப்புவானுங்கல்ல?"

"வழக்கமா அப்படித்தான்."

விதைப் பொட்டலத்தை மடித்து வைத்தார். "நாலு நாள் டீச்சர். இருநூறு மீட்டர்ல இருந்திருக்கான். நான் மூக்கப் பாத்துக்கிட்டு நின்னேன்."

"ஃபோன் பண்ணுங்க. எந்தத் தளம்னு இப்பத் தெரியும்ல."

"ஃபோன்ல என்னத்தப் பேசுறது? அக்டோபர்ல மறுபடி வருவானுங்க. வேலிக்கே போறேன். இந்தத் தடவ கையாட்டுறேன்."

அக்டோபருக்கு அவர் இல்லை.

அறுபத்துநான்கு என்ற எண்ணை வைத்துக்கொண்டு அந்தத் தளத்துக்கு நான்தான் ஃபோன் செய்தேன். ஃபெர்மீன் அங்கேதான் இருந்தான். ஐந்து மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். இந்த முறை மண் மூடவில்லை.

கல்லறை வாசலில் என்னிடம் கேட்டான். "மே மாசம் தினமும் அந்த வெள்ள வேன் நின்னுச்சே டீச்சர். அப்பாதான?"

"ஆமாப்பா."

"நாலு நாளும் பாத்தேன். ஒரு விமானத்த ஒரு தடவ பாத்தா அப்பாவுக்கு மறக்காது. என் ஃப்ளைட்தான்னு தெரிஞ்சே நிக்கிறாரு, ஆனா கையத் தூக்க மனசு வரலன்னு நெனச்சேன். அதான் நானும் தூக்கல."

"அவருக்குத் தெரியாதுப்பா. ஆகஸ்ட்லதான் தெரிஞ்சுது" என்றேன். அவன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

வேன் சாவியை அவனிடம் கொடுத்தேன். பக்கத்து இருக்கையில் நோட்டு இருந்தது. எவுடிமியோ பக்கங்களுக்குத் தன் கையாலேயே எண் போட்டிருந்தார். 28-14 முப்பத்தொன்றாம் பக்கத்தில், 64-09 நூற்றுப் பதினெட்டில். முப்பத்தொன்றில் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, பென்சிலில், "இது சாகவில்லை. பார்க்க: பக்கம்" என்று எழுதியிருந்தது. பக்க எண் போடவில்லை.