தண்ணிப் பெட்டியும் படப்பெட்டியும்

நன்றாக வெந்த பீங்கான் கோப்பையை விரல் முட்டியால் தட்டினால், சின்ன மணி அடித்தது போல ஒரு சத்தம் எழுந்து காதுக்குள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் அதே சத்தம் 'பொத்'தென்று எழுந்த இடத்திலேயே செத்துவிடும். எங்கள் அப்பா விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலைக்காரர். சூளையிலிருந்து இறங்கும் சரக்கைத் தட்டித் தட்டியே பழகியவர் என்பதால் தேங்காய், பூசணிக்காய், கதவு, சில சமயம் என் மண்டை என்று எது கைக்கு எட்டினாலும் தட்டிப் பார்ப்பார். "இது இன்னும் வேவல" என்பார், என் மண்டையை.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று இதே ஊரில் வாஷ்பேசினும் டைல்ஸும் விற்கிற இரண்டு கடைகள் என் பெயரில் நடக்கின்றன. காலேஜ் படித்த பையன்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். யார் தயவும் இல்லாமல் மேலே வந்தவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. அப்படிப்பட்ட நான் போன மாதம், பேரன் பிறந்தநாளுக்கு விளையாட்டுச் சாமான் எடுக்கப் போய், கடலூரில் ஒரு கடையில் பாதி நாள் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தேன். டி.வி.யில் மாட்டி ஆடுகிற பெட்டி ஒன்று, கண்ணில் கட்டிக்கொண்டு பார்க்கிற பெட்டி ஒன்று. இரண்டில் எது என்று கேட்டான் கடைப் பையன். பதில் சொல்லவே அலுப்பாக இருந்தது. இதே கேள்விக்குப் பதில் வாங்கிவர என்னை ஒருமுறை அனுப்பியிருந்தார்கள், அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்யவில்லை.

எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பதினோரு வயது, தங்கை செல்விக்கு எட்டு. பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களின் பின்னால் ஓடிக் கரும்பு உருவுவது எங்கள் தெருப் பிள்ளைகளின் தினப்படி வேலை. அதில் நான் சூரன். என்னைப் பார்த்துத் தானும் டிராக்டர் பின்னால் ஓடிவந்த செல்வி விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டு, மூன்று மாதம் மல்லாந்தே கிடக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பேட்டையில் கோப்பை வார்க்கிற அச்சும் அதே மாவில்தான் செய்வது. அப்பா கட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அச்சு நல்லா காஞ்சிருக்குது. உள்ள இருக்கிற கோப்பைதான் எப்ப வரும்னு தெரியல" என்றார். செல்வி சிரித்தாள். "உங்களுக்குப் புள்ளயும் ஒண்ணுதான், கோப்பையும் ஒண்ணுதான்" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன்பிறகு செல்விக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் கூரையில் பதித்திருந்த ஒற்றைக் கண்ணாடி ஓடும் அதில் வந்துபோன வெளிச்சமும்தான்.

மங்கலம்பேட்டை காதர் பாய் எங்கள் பேட்டையில் கோப்பை எடுத்து விற்றுக்கொண்டிருந்தவர், அரபு நாட்டுக்குப் போய் முதல் லீவில் வந்திருந்தார். அப்பாவுக்கு நான் சோறு கொண்டுபோன ஒரு மத்தியானம், சூளைக் கொட்டகைக்கே வந்து பையைத் திறந்தார். "பாப்பாவுக்குக் காலு ஒடஞ்சிருச்சாமே அண்ணே. இந்த ரெண்டுல ஒண்ணு அதுக்கு. இன்னொண்ணு என் மச்சான் மவனுக்கு" என்றார்.

ஒன்று, கண்ணில் ஒட்டிவைத்துப் பார்க்கிற படப்பெட்டி. வட்ட அட்டையைச் செருகி வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால், காய்ந்த புல் கிட்டத்திலும் புல்லுக்குப் பின்னால் சிங்கம் ஒன்று எட்டத்திலும், கையை நீட்டித் தொடலாம் போல நின்றன. மற்றது உள்ளங்கை அகலத்தில் தண்ணீர் அடைத்த பெட்டி. பொத்தானை அழுத்தினால் அடியில் கிடக்கும் வளையங்கள் மேலே எழும்பும், அவற்றைக் கொம்பில் விழவைக்க வேண்டும். அப்பா இரண்டையும் தட்டிப் பார்த்தார். இரண்டும் 'பொத்'தென்றன.

"ரெண்டுமே வேவாத சரக்கு பாய்."

"அது பிளாஸ்டிக்குண்ணே. உங்க சூளையில வெச்சா கொழம்பா ஓடிரும்."

அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "படுத்துக் கெடக்குறது அவ. அவளயே கேட்டுட்டு வாடா" என்று என்னை விரட்டினார்.

ஓடினேன். இரண்டையும் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னேன். சிங்கத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சொன்னேன். செல்வி யோசிக்கவில்லை. "படப்பெட்டி" என்றாள். திரும்பி ஓடுகிற வழியெல்லாம் என் கட்டை விரல் தானாக மடங்கி மடங்கிப் பொத்தானை அழுத்திக்கொண்டே வந்தது. கொட்டகைக்குள் நுழையும்போது நான் வேறு பையனாக இருந்தேன்.

"என்னாடா சொன்னா?"

"தண்ணிப் பெட்டிதான் வேணுமாம்."

"நல்லா கேட்டியா?"

"கேட்டேம்ப்பா."

சாயங்காலம் அப்பா அதைக் கொண்டுவந்து செல்வியின் கையில் கொடுத்தார். அவள் பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். மல்லாந்து கிடப்பவள் முகத்துக்கு மேலே சாய்த்துப் பிடித்தால் அந்தப் பெட்டி வேலை செய்யாது என்பது எங்களில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. வளையங்கள் கண்ணாடிப் பக்கம் சரிந்து ஒட்டிக்கொண்டு நகர மறுத்தன. அப்பா வாங்கி இன்னொருமுறை தட்டிப் பார்த்தார். "இதையா கேட்ட?" என்றார் அவளிடம்.

"ஆமாப்பா" என்றாள் செல்வி. பிறகு பெட்டியை என்னிடம் நீட்டினாள். "நீ ஆடுண்ணே. நான் எண்ணுறேன்."

மூன்று மாதமும் அப்படித்தான். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆடுவேன். அவள் கழுத்தை ஒருக்களித்து, கொம்பில் விழுந்த வளையங்களை எண்ணுவாள். ஒருநாளும் தப்பாக எண்ணியதில்லை. ஒருநாளும் காட்டிக்கொடுத்ததும் இல்லை.

கடலூர்க் கடையில் நான் கடைசியில் கேட்டது ஒரே கேள்விதான். "படுத்துக்கிட்டு ஆடலாமா தம்பி?" பையன் சிரித்தான். பேரனுக்குப் போன் போட்டு எது வேண்டும் என்று கேட்டேன். டி.வி.யில் மாட்டுவது என்றான். சரிதானா என்று இரண்டு தடவை கேட்டு, சொன்னதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா இல்லை, பாய் இல்லை, அந்தச் சூளைக் கொட்டகை நின்ற இடத்தில் கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. தண்ணிப் பெட்டி அடுத்த வருஷமே ஒழுகிக் காய்ந்துபோனது. செல்வி பெண்ணாடத்தில் பேரன் பேத்திகளோடு இருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"செல்வி, அன்னிக்கி நீ படப்பெட்டிதான கேட்ட?"

"இப்ப எதுக்குண்ணே அதெல்லாம். சாப்ட்டியா?"

சாப்பிட்டதாகச் சொன்னேன். பிறகு அவளே கேட்டாள்.

"அதுல ஒரு சிங்கம் இருந்துச்சுன்னு சொன்னியே. அது நம்மளப் பாத்து நின்னுச்சா, வேற பக்கம் பாத்துச்சா?"

எங்கள் வீட்டில் அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். எனக்குப் புல் மட்டும்தான் நினைவிருக்கிறது.