வெள்ளிக்கிழமை கழுவிய லொறி

புலம்பெயர்ந்து வந்த இல்ஃபோர்டில் எங்களுக்குச் சோறு போட்டது அத்தானின் லொறிதான். அத்தான், என் அக்காவின் கணவர். அக்காவும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிடுவதென்றால் அத்தானுக்கு நிரந்தர வேலை இருப்பதைக் காட்டவேண்டும். லொறி ஓடினால்தான் வேலை.

லொறிக்கு ஏறக்குறைய என் வயது. இடித்த வீடுகளின் கல்லையும் மண்ணையும் ஏற்றி, நகரத்துக்குக் கிழக்கே ஆற்றோரச் சதுப்பில் கொண்டுபோய்க் கொட்டுவோம். தார் வீதியில் அது குறைசொல்ல முடியாதபடி ஓடியது. சதுப்புக்குள் வீதி கிடையாது. மழைக்குழியும் உடைந்த செங்கல்லும் சேறும்தான். ஒரு சில்லு குழியில் இறங்கினால் எதிர்மூலைச் சில்லு அந்தரத்தில் தொங்கும். முழுப் பாரத்தோடு அடிச்சட்டம், ஈரத்துணியைப் பிழிவதுபோல முறுகும். அந்த முனகல் ஆசனத்துக்குக் கீழே கேட்கும்.

நான் கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். சனிக்கிழமைகளில் அத்தானோடு போவேன். முறுகி முறுகி இரும்பும் களைத்துப்போகும் என்று படித்ததைச் சொன்னேன். ஊரில், வன்னிக் காட்டுப்பாதையில் இதைவிடக் கிழட்டு லொறியில் மரம் ஏற்றியவர் அவர்.

"உம்மட புத்தகம் எப்பவாவது லொறி ஓடினதோ?" என்று சிரித்தார்.

வன்னி வீதியில் உப்புப் போடுவதில்லை. இங்கே குளிர்காலத்தில் வீதியெல்லாம் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீரும் சதுப்புச் சேறும் சட்டத்தின் மடிப்புகளுக்குள் அடைந்து, கோடையிலும் ஈரம் காயாமல் கிடந்தன. அத்தான் லொறியைக் கவனிக்காதவர் அல்ல. வெள்ளிக்கிழமை தவறாமல் கழுவுவார். கண்ணாடி, முகப்பு, கதவு எல்லாம் மினுங்கும். பிறகு திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவார். முகம் துலங்கினால் பூசைக்குப் போதும். அடியில் யாரும் கை வைத்ததில்லை.

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், பாரத்தோடு குழிக்குள் இறங்கியபோது வெடி வெடித்ததுபோல ஒரு சத்தம். லொறி ஒரு பக்கமாகக் குந்திவிட்டது. குனிந்து பார்த்தோம். பின் ஸ்பிரிங் முறியவில்லை. தன்னைப் பிடித்திருந்த சட்டத்துண்டையே பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. அத்தான் விரலால் அழுத்தினார். இரும்பு ரஸ்க் போல உதிர்ந்தது.

லொறியை இழுத்துவந்து வீட்டு வாசலில் விட்டோம். பார்க்க வந்த கராஜ்காரர் சுத்தியலால் அங்குமிங்கும் தட்டினார். தட்டிய இடமெல்லாம் ஓட்டை விழுந்தது. வெல்டிங் பிடிக்க நல்ல இரும்பு மிச்சமில்லை என்றார். வேலை தந்தவர் திங்கட்கிழமையே வேறொரு லொறியைப் பிடித்துவிட்டார்.

அந்த வாரம் அக்கா கொழும்பிலிருந்து போன் எடுத்தாள்.

"ஓம், லொறி நல்லா ஓடுது. கெதியில கூப்பிடுவன்," என்றார் அத்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பழைய இரும்புக்காரர் வரவிருந்த காலையில், அத்தான் தண்ணீர்க் குழாயோடு வெளியே போனார். முகப்பைத் தொடவில்லை. குளிர்ந்த வீதியில் மல்லாந்து படுத்து, லொறிக்கு அடியில் புகுந்து கழுவத் தொடங்கினார். செங்கல் துண்டுகளோடு கறுத்த சேறு கட்டிகட்டியாக அவருடைய நெஞ்சில் விழுந்தது.

"எழும்புங்கோ அத்தான். இனி என்னத்துக்கு?"

அவர் குழாயை அடுத்த மடிப்புக்குள் திருப்பினார்.

"இப்போதைக்குக் கூப்பிட ஏலாதெண்டு உம்மட அக்காவுக்கு நீர் சொல்லும்," என்றார் அடியிலிருந்து. "என்னால ஏலாது."