நாற்பத்தொன்பது அங்குலம்

என் அத்தானுக்குத் தொழிலே வெட்டுவதுதான். ஆனால் எந்த விஷயத்தையும் அவர் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசி நான் கேட்டதில்லை. வீடியோ எடிட்டர். சட்டை எடுக்கப் போனால் கடைக்காரர் ஷட்டரை இறக்கும்வரை யோசிப்பார். "இவரை நம்பிக் கழுத்தை நீட்டினேன் பாரு" என்று அக்கா என்னிடம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் காட்சிகளை வெட்டி ஒட்டுவார். பக்கத்து நாற்காலியில் அக்கா அதே படத்துக்கு சப்டைட்டில் போடுவாள். ஒரே மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், இரண்டு பழைய மானிட்டர். நடுவிலிருந்த கறுப்பு விளிம்புக்கு அக்கா வைத்த பெயர் எல்லைக்கோடு. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அகலமான ஒரே திரை வாங்கவேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சோடு சரி.

அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் அத்தானுக்கு வேகம் வந்தது. அவள் திரும்பி வரும்போது மேஜையில் அது நிற்கவேண்டும். பழைய அட்டைப்பெட்டியை முப்பத்துநாலு அங்குலத்துக்கு ஒன்று, நாற்பத்தொன்பதுக்கு ஒன்று என்று வெட்டி, மேஜைமேல் நிறுத்திப் போட்டோ எடுத்துக்கொண்டுபோய் அவளிடம் காட்டினார். நானும் கூட இருந்தேன்.

"முப்பத்தி நாலு போதுங்க," என்றாள் அக்கா. "ரெசல்யூஷனை மட்டும் கொறச்சிடாதீங்க. உயரம் ஆயிரத்தி எண்பது பிக்சல்ல வாங்கினா எழுத்தெல்லாம் பிசிறடிக்கும். ஆயிரத்தி நானூத்தி நாப்பது பாத்து வாங்குங்க."

"நாப்பத்தொம்பதுலயும் அதே உயரம்தான். அகலம்தான் நாலடி. பாதி உனக்கு, பாதி எனக்கு."

"நாலடி எதுக்கு? ரெண்டு ஓரத்தையும் பாக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பியே வலி வந்துடும்."

"செலவுக்குப் பயந்து சொல்றா," என்றார் அத்தான், படி இறங்கும்போது. எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கள் வீட்டில் கஞ்சத்தனத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை.

வாழ்க்கையில் முதல்முறையாக அத்தான் ஒரே நாளில் முடிவெடுத்தார். நாற்பத்தொன்பது வந்து இறங்கியது. திரையை இரண்டாகப் பிரித்து, இடது பாதியில் தன் கம்ப்யூட்டரையும் வலது பாதியில் அவளுடையதையும் இணைத்தார். அதையும் போட்டோ எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அக்கா அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. நடுவுல உக்காந்து பழகிக்கங்க."

அவள் வீடு திரும்பவில்லை.

சில மாதம் கழித்துப் போனேன். அத்தான் இடது பாதியில் ஒடுங்கி உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். வலது பாதி இருட்டு. அதற்கு நேராக அக்காவின் நாற்காலி அப்படியே இருந்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"போதும் அத்தான்," என்று அவர் நாற்காலியைப் பிடித்து நடுவுக்கு இழுத்தேன். "அக்கா சொன்ன மாதிரி உக்காருங்க."

மறுக்காமல் உட்கார்ந்தார். தன் படத்தை முழுத்திரைக்கும் விரித்தார். இந்த ஓரத்தைப் பார்த்தார், அந்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு கை பிடரிக்குப் போனது.

"வலிக்குது மாப்ள."

"பழகிடும் அத்தான்."

"அதில்ல. ரெண்டு பேர் உக்காந்தா யாரும் கழுத்தைத் திருப்பவே வேண்டாம். அவங்கவங்க பாதி அவங்கவங்களுக்கு நேரா இருக்கும். தனியா ஒருத்தன் நடுவுல உக்காந்தாத்தான் இந்த வலி." அக்காவின் நாற்காலியைப் பார்த்தார். "அவ எனக்கு மட்டும்னு அளவு சொல்லியிருக்கா. அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு. நான் என்னடான்னா பாதி உனக்கு, பாதி எனக்குன்னு பேரம் பேசிட்டு நின்னேன்."

சொல்லிவிட்டு அழுதார். என்னாலும் அடக்க முடியவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியைப் பழைய இடத்துக்கே நகர்த்தினார். திரையை மறுபடியும் இரண்டாகப் பிரித்தார். வலது பாதியில் 'சிக்னல் இல்லை' என்று வந்தது. எழுத்தில் ஒரு பிசிறு இல்லை.